உருகல் கணக்கு

குருநகர் ஐஸ் கொம்பனியில
முப்பத்தொரு வருசம் பேரேடு எழுதினவள் நான்.
வரவு, செலவு, இருப்பு. அதுக்குப் பக்கத்தில
எங்களுக்கெண்டு நாலாவதாய் ஒரு நிரல்:
உருகல்.
அறையில இருந்து இறங்குதுறை போகமுன்னம்
அம்பது கிலோக் கட்டிக்கு ஆறு கிலோ,
வெய்யிலைப் பாத்து எட்டு.
பங்குனி, சித்திரையில நான் பத்துப் போடுவன்.
முதலாளி ஏனெண்டு கேட்டதில்லை.

போன வெள்ளியோட வேலை முடிஞ்சுது.
ஒரு கேக், ஒரு சோடி தலையணை உறை,
சேமலாப நிதிப் பத்திரத்தில கையெழுத்து.
பதினேழு லட்சத்து நாப்பதினாயிரம்.
இவ்வளவு பெரிய எண்ணை
என்ர பேருக்கு நேர எழுதிப் பாத்தது இதுதான் முதல் தரம்.
வடிவாத்தான் இருந்தது,
வகுக்கும் வரைக்கும்.

மாசம் இருபத்தையாயிரம் எண்டால்
அறுபத்தஞ்சே முக்கால் வயசில முடியும்.
பதினெட்டு எண்டால் அறுபத்தெட்டு.
மீனை விட்டால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.
குருநகரில இருந்துகொண்டு மீனை விடுறது!
அம்மா செத்தது எண்பத்தொன்பதில,
பெரியம்மா தொண்ணூறு தாண்டி.
நல்ல ஆயுசுக்காரர் எண்டு சனம் சொல்லும்.
அதை நான்
கடன் பக்கத்தில எழுதவேண்டிக் கிடக்கு.

இடக்கால் எனக்கு முதலே இளைப்பாறிவிட்டுது,
இருபத்தெட்டு வயசில, முழங்காலுக்குக் கீழ,
ஒரு சதம் சேமலாபமும் இல்லாமல்.
இப்ப அதின்ர பேரில மாசம் பத்தாயிரம் வருகுது.
அதில பஸ், அதில மருந்து,
அதில மூண்டு வருசத்துக்கு ஒருக்கால்
(ஓம், ஒரு கால்தான்)
புதுசு பொருத்துற செலவு.

விதானையார் சுதர்சனன் படிவத்தோட வந்தார்.
சின்னப் பெடியன், செருப்பை வாசலில கழட்டினவர்.
மின்விசிறி எத்தினை அக்கா?
ஒண்டு.
ஃபிரிட்ஜ்?
ஐஸுக்கை கிடந்தவளுக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு.
வங்கியில காசு?

அந்த இடத்திலதான் பேனை நிண்டுது.
காசு இருந்தால் உதவி நிக்கும்.
காசு முடிஞ்சால் உதவி திரும்ப வரும்,
அதுக்கிடையில ஆறு மாசம் நான் என்னத்தைத் தின்னுறது
எண்டதுக்குப் படிவத்தில கட்டம் இல்லை.

முதல்நாள் ராத்திரி தங்கச்சி மரியறோஸ் சொன்னவள்:
என்ர பேரில போடுங்கோ அக்கா, ஆருக்குத் தெரியும்?
நல்ல மனசு.
ஆனால் அவளின்ர மனுசனுக்கு
பதினைஞ்சு குதிரைவலு எஞ்சின் ஒண்டில கண்.
கதவைத் திறந்துவைச்ச ஐஸ் அறையை
நான் கண்டிருக்கிறன்.
பின்னேரம் போனால் நிலத்தில தண்ணி,
ஒருத்தரும் ஒண்டும் களவெடுக்கேல்ல.

உருகலை நிப்பாட்ட ஏலாது.
மரத்தூள் கொட்டலாம், சாக்குப் போடலாம்,
விடிய நாலு மணிக்கு ஏத்தலாம்.
அவ்வளவுதான் தொழில்.
பத்தாயிரம் எனக்கு மரத்தூள்.
இதை ஆருக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

பதினேழு நாப்பது எண்டு எழுதும் எண்டன்.
அவர் நிமிந்து பாத்தார்.
உண்மையையே சொல்லுறியள், அக்கா?
ஓம். ஆனால் பக்கத்தில ஒரு நிரல் கீறும்.

அவரிட்டை அடிமட்டம் இல்லை.
என்ர பையிலிருந்து எடுத்துக் குடுத்தன்,
கொம்பனி அடிமட்டம், விளிம்பு தேஞ்சது.
நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்:
கால், காலுக்குப் போடுற மேசு,
தேங்காய், மண்ணெண்ணெய்,
ஒவ்வொரு வருசமும் காசு தானாய்ச் சுருங்குற அளவு.
அதுக்கு என்ன பேர் போடுறது எண்டு கேட்டார்.
சொன்னன்.
எழுத்துக் கூட்டி எழுதினார்.

இப்பிடி ஒண்டை மேலிடம் ஏற்குமோ தெரியாது அக்கா.
எனக்கும் தெரியாது தம்பி.
பதில் வர ஆறு கிழமை பிடிக்குமாம்.

அவர் போனாப்பிறகு கொப்பியைத் திறந்தன்.
ஆறு கிழமை.
மாசம் பங்குனி.
பத்துப் போட்டன்.